பேஸ் எங்கே போச்சு? மேடையில் கோளாறைத் தேடிப் பிடிக்கும் முறை

வடபழனிப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். மணி ஏழு. பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறிவிட்டார்கள், கீபோர்டுக்காரர் முதல் பாட்டைத் தொடங்கிவிட்டார், என் பேஸ் கிதாரில் மட்டும் சத்தமே இல்லை. சத்தத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசர் பெடலைத் திறந்து பேட்டரியைக் கழற்றினேன். ப்ரீஆம்பில் இருந்த குமிழ்களை எல்லாம் திருகினேன். சவுண்ட் அண்ணனைப் பார்த்து “சேனல் ஆன்ல இருக்காண்ணே?” என்று மூன்று தரம் கேட்டேன். மூன்றாவது தரம் அவர் பதிலே சொல்லவில்லை. இரண்டு பாட்டு பேஸ் இல்லாமலே போனது. கடைசியில் பார்த்தால், ட்யூனருக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் கிடந்த ஒரு சாண் பேட்ச் கேபிள் செத்திருந்தது. காலால் மிதிக்கும் பெடல்களை வரிசையாக மாட்டிய என் பெடல் போர்டிலேயே விலை குறைந்த சாமான் அதுதான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்தக் குமிழையும் தொடுவதற்கு முன்னால், சத்தம் எதுவரை வந்து நிற்கிறது என்று பார்ப்பேன். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடையில் நின்று மண்ணைத் தோண்டி என்ன பயன்? வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று நடந்து பார்க்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த நடைதான். உங்களுக்கு என்ன கேட்கிறதோ, அல்லது கேட்கவில்லையோ, அந்த இடத்திலிருந்து படித்தால் போதும்.

சத்தமே இல்லை

முதலில் ட்யூனரைப் பாருங்கள். போர்டில் ட்யூனரை முதலில் வைப்பது சுருதிக்காக மட்டும் இல்லை, அது ஒரு சோதனை விளக்கும்கூட. கம்பியைத் தட்டினால் ட்யூனரில் எழுத்து தெரிகிறதா? தெரிந்தால் கிதாரும் முதல் கேபிளும் சரி, கோளாறு அதற்கு அப்பால். தெரியவில்லை என்றால் இந்தப் பக்கம். ஒரே தட்டில் பாதி வேலை முடிந்தது.

எழுத்து தெரிகிறது, சத்தம் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் ட்யூனர்மேலேயே. அதை மிதித்து ஆன் செய்தால் பெரும்பாலான ட்யூனர்கள் வெளியே போகும் சத்தத்தை நிறுத்திவிடும். இன்னொரு தரம் மிதியுங்கள். சிரிக்க வேண்டாம், பத்து வருஷம் வாசித்தவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

எழுத்தே தெரியவில்லை, கிதாரும் ஆக்டிவ் (உள்ளேயே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது) என்றால், பின்னால் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். ஆக்டிவ் கிதாரில் கேபிளைச் செருகுவதே பேட்டரிக்கு ஸ்விட்ச். ஒத்திகை முடிந்து கேபிளை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், நீங்கள் சாப்பிடும்போது அதுவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி ஒரேயடியாக நிற்பதில்லை. முதலில் பலமாகத் தட்டும் சுரங்கள் மட்டும் கிழியும், அப்புறம் எல்லாமே கிழியும், அப்புறம் மௌனம். புதுப் பேட்டரி மல்டிமீட்டரில் 9 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். 8-க்குக் கீழே இறங்கியதை நான் மேடைக்குக் கொண்டுபோவதில்லை. கிதாரில் பேசிவ் ஸ்விட்ச் இருந்தால் அதைத் தட்டிவிட்டு அன்றைய கச்சேரியை ஓட்டிவிடலாம்.

கோளாறு ட்யூனருக்கு அப்பால் என்றால், பெடல்களை ஒவ்வொன்றாகச் சோதிக்காதீர்கள், நேரம் போதாது. கிதார் கேபிளைப் பிடுங்கி நேராக டிஐ பாக்ஸில், அதாவது கிதார் சத்தத்தை மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டியில், செருகுங்கள். சத்தம் வந்தால் கோளாறு போர்டில். முதல் பாட்டை அப்படியே வாசித்துவிடுங்கள். கம்ப்ரசர் இல்லை என்று எந்தச் சித்தப்பாவும் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை. இடைவெளி கிடைத்ததும் போர்டைப் பாதியாக வெட்டுங்கள். ஆறு பெடல் இருந்தால் கேபிளை நான்காவதில் செருகுங்கள். சத்தம் வந்தால் முதல் மூன்றில்தான் அடைப்பு, வராவிட்டால் கடைசி மூன்றில். மறுபடி பாதி. இரண்டு மூன்று செருகலில் ஆள் சிக்கிவிடுவான். பெரும்பாலும் சிக்குவது பெடல் அல்ல, நடுவில் இருக்கும் அந்த ஒரு சாண் ஒயர்.

நேராகச் செருகியும் டிஐ பாக்ஸில் சத்தம் இல்லையா? இப்போது சவுண்ட் அண்ணனைக் கூப்பிடலாம், ஆனால் கேள்வியை மாற்றுங்கள். “சேனல் ஆன்ல இருக்கா” என்று கேட்டால் ஆன்ல இருக்கு என்பார், உண்மையும் அதுதான். “அண்ணே, இது ஆக்டிவ் டிஐயா? ஃபேன்டம் போட்டிருக்கா?” என்று கேளுங்கள். ஆக்டிவ் டிஐ-க்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் வர வேண்டும், அல்லது உள்ளே உயிருள்ள ஒரு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். வாடகைக்கு வரும் பெட்டிகளில் அந்தப் பேட்டரியை யாரும் மாற்றுவதில்லை. ஃபேன்டம் போடுவதற்கு முன்னால் சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வரும் ‘டமார்’ சத்தத்தில் முன்வரிசை எழுந்துவிடும். பேசிவ் டிஐ-க்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அதனாலேயே பையில் சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறேன்.

பெடல்களில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால் அடாப்டர். அவசரத்தில் பக்கத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கிச் செருகாதீர்கள். பெடல் உலகத்தின் வழக்கம் 9 வோல்ட், நடு முனை மைனஸ். வைஃபை ரவுட்டர் அடாப்டர் பார்க்க அச்சு அசலாக இப்படியே இருக்கும், பின்னும் பொருந்தும், ஆனால் பெரும்பாலானவற்றில் நடு முனை ப்ளஸ், சிலது 12 வோல்ட். அடாப்டரின்மேல் வட்டமும் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். தலைகீழாகக் கொடுத்தால் பாதுகாப்பு டயோடு இருக்கும் பெடல் பிழைக்கலாம், இல்லாதது புகையும்.

விட்டு விட்டு வருகிறது, கரகரக்கிறது

இது சென்னையின் சொந்த வியாதி. பெசன்ட் நகரிலோ நீலாங்கரையிலோ குடியிருந்தால் கடற்காற்று உங்கள் ஜாக்கையும் விடாது. உப்பும் ஈரமும் சேர்ந்து பளபளப்பு போய், தொடும் இடத்தில் படலம் படியும். ஏசி காரிலிருந்து இறக்கியதும் பையைத் திறக்காதீர்கள். சில்லென்ற உலோகத்தின்மேல் நம் ஊர்க் காற்று பட்டால் பனித்த டம்ளர் மாதிரி வேர்த்துவிடும். கால் மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒருவரைக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பாக லேசாக அசைத்துப் பாருங்கள். கிதார்ப் பக்கம் இருக்கும் முனையிலிருந்து தொடங்குங்கள், அதிகம் வளைவதும் இழுபடுவதும் அதுதான். கேபிளை ஸ்ட்ராப்புக்கும் கிதாருக்கும் நடுவே ஒரு சுற்று விட்டுச் செருகினால் இந்தத் தொல்லை பாதி குறையும். கிதாரின் ஜாக்கைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்திருந்தால், நட்டை மட்டும் முறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி, பற்றவைத்த ஒயர் அறுந்துவிடும். ஜாக் சுற்றாமல் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும்.

துடைப்பதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அல்லது எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும் கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே. கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் வேண்டாம், இன்றைக்குச் சரியாகி நாளைக்கு அதன்மேலேயே தூசி ஒட்டும். ரிச்சி தெருவுக்குப் போனால் கூடவே நான்கு நல்ல ஜாக்கும் கொஞ்சம் ஈயமும் வாங்கி வாருங்கள். பேட்ச் கேபிளைச் சொந்தமாகப் பற்றவைக்கக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம்

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அடாப்டர், ஆம்ப் இவற்றின் பவர் சப்ளையிலிருந்து கசிவது அந்த மின்சார 50-இன் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். ஓப்பன் ஜி கம்பியோ 98. ஆக, ஹம் என்பது கொஞ்சம் தூக்கிப் பிடித்த ஜி. ஜி ஸ்கேலில் பாட்டு வந்தால் கூடவே ஒரு சுருதி விலகிய தம்புரா. நல்ல காது உள்ள பாடகருக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று இதிலிருந்து புரியும்.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, கிதாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். ஹம் நின்றுவிட்டால் அது கிதார் வழியாக நுழைகிறது. நிற்காவிட்டால் கிதாருக்கு வெளியே.

கிதார் வழி என்றால், நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் ஹம் குறைந்தால் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், ஆம்ப், விளக்கு இவற்றின் காந்தப்புலத்தை பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) பிடிக்கிறது. இரண்டு அடி நகர்ந்து நில்லுங்கள், அதுவே வைத்தியம். ஜாஸ் பேஸ் என்ற இரண்டு பிக்கப் மாடலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் சமமாக வைத்தால் ஒன்றின் ஹம்மை இன்னொன்று அடித்துவிடும். ஒன்றை இறக்கியதும் ஹம் தலைதூக்கும். டோனுக்காக ஒன்றை இறக்குபவர்கள் பிரிசிஷன் பேஸ்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படலாம், அதன் பிக்கப் இரண்டாகப் பிரிந்து தானே ஹம்மை வெட்டிக்கொள்ளும்.

கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைகிறதா? பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் உடம்பு ஆன்டெனாவாக இருந்தது, தொட்டதும் எர்த்தோடு சேர்ந்துவிட்டது. தொட்டால் கூடுகிறது என்றால் பிரிட்ஜுக்கு (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகத் தகடு) போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது ஜாக்கில் ஒயர் மாறிப் பற்றவைத்திருக்கலாம். அது வீட்டுக்குப் போய்ச் செய்யும் வேலை.

கிதாருக்கு வெளியே என்றால் பத்துக்கு எட்டு தடவை கிரவுண்ட் லூப். உங்கள் ஆம்புக்கு மேடையின் இடது மூலைப் பிளக்கிலிருந்து கரண்ட், மிக்ஸருக்கு மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து. இரண்டுக்கும் எர்த் தனித்தனி வழியாக வருகிறது, நடுவில் டிஐ-யிலிருந்து மிக்ஸருக்குப் போகும் உங்கள் எக்ஸ்எல்ஆர் கேபிள் இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் போட்டுவிட்டது. டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற ஸ்விட்ச் இதற்காகவே இருக்கிறது. அதைத் தட்டினால் எக்ஸ்எல்ஆரின் ஒன்றாம் பின் மட்டும் விடுபடும், பெரும்பாலும் ஹம் அங்கேயே சாகும். இன்னும் நல்ல வழி, மேடையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுப்பது.

ஹம்மை நிறுத்த ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துப் போடுபவர்களை, இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகுபவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஹம் நிற்கும், உண்மை. அந்த ஆம்புக்குள் ஏதாவது ஒரு ஒயர் ஆம்பின் உலோகக் கூட்டில் பட்டால் உங்கள் இதயமும் நிற்கும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

‘ம்ம்’ இல்லை, ‘ஜ்ஜ்ஜ்’ என்று கரடுமுரடாக, விளக்கு மங்கும்போதும் ஏறும்போதும் மாறுகிறதா? டிம்மர், சீரியல் செட், எல்இடி வால், இவற்றில் ஒன்று. விளக்கு ஆட்களிடம் ஒரே ஒரு நிமிஷம் அணைத்துக் காட்டச் சொல்லுங்கள், குற்றவாளி தெரிந்துவிடும். அவர்களுடைய லைனிலிருந்து விலகி வேறு லைனில் கரண்ட் எடுங்கள்.

‘கீ’ என்று மெல்லிய விசில்

டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் ஒரே அடாப்டரிலிருந்து வால்வாலாகப் பிரியும் ஒயரில் மாட்டியிருக்கிறீர்கள். டிஜிட்டலை மட்டும் பிரித்துத் தனி அடாப்டர் கொடுங்கள், நின்றுவிடும். நிரந்தரத் தீர்வு, ஒவ்வொரு வாசலும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை. விலை கொஞ்சம் உறைக்கும். வாங்குமுன் மில்லி ஆம்பியர் கணக்கைப் பாருங்கள். அனலாக் ஓவர்டிரைவுக்குச் சில பத்து மில்லி ஆம்பியரே அதிகம், மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிக்கு 500 வரை கேட்கலாம்.

மைக்கில் உதடு பட்டால் ஷாக்

நம் ஊரில் மேடையேறும்போது செருப்பைக் கழற்றிவிடுவோம். மரியாதை சரி, ஆனால் வெறுங்காலுடன், மழை பெய்து நனைந்த ஜமக்காளத்தில் நின்று, கையில் கிதார் கம்பியும் வாயருகே மைக்கும் என்றால், இரண்டு கருவிகளின் எர்த்துக்கும் நடுவே நீங்கள்தான் ஒயர். கோரஸ் பாடும் பேஸ்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

பாடுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பிரிட்ஜிலும் இன்னொரு முனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. நூறு வோல்ட் பக்கம் காட்டி, தொட்டால் லேசாக ஜிவ்வென்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் எர்த் இல்லாத ஏதோ ஒரு அடாப்டரின் கசிவு. எந்த அடாப்டரைப் பிடுங்கினால் எண் விழுகிறது என்று பாருங்கள். எதைப் பிடுங்கினாலும் விழவில்லை என்றால், அல்லது சுள்ளென்று இழுக்கிறது என்றால், கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் திறந்தவெளி மேடைகளில் எர்த் ஒயர் எங்கேயும் போய்ச் சேராமல் தொங்குவது உண்டு. ஒரு குழாயை மண்ணில் அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, ஒயரை அதில் கட்டும்வரை வாசிக்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. கான்ட்ராக்டர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மேடையில் இடி, ஹாலில் காணோம்

முதல் சந்தேகம் மிக்ஸரின் லோ கட். பாடகர் மைக்குக்குப் போட்ட அதே பழக்கத்தில் உங்கள் சேனலிலும் அழுத்தியிருப்பார்கள். அது 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். உங்கள் ஓப்பன் ஈ 41, ஐந்து கம்பிக் கிதாரின் பி 31. சத்தம் வரும், ஆனால் வயிறு இருக்காது. “பேஸ் ஏத்துங்கண்ணே” என்றால் அவர் ஃபேடரை ஏற்றுவார், அதே மெலிந்த சத்தம் பெரிதாக வரும். “லோ கட் மட்டும் எடுத்துடுங்கண்ணே” என்று சொல்லுங்கள்.

ஆம்புக்கு முன்னால் மைக்கும் வைத்து டிஐ-யும் எடுத்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளலாம். ஒரு சேனலில் அலையைத் தலைகீழாக்கும் பொலாரிட்டி பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எதில் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி.

இன்னொன்று, ஆக்டோபேட் என்ற எலெக்ட்ரானிக் டிரம் பேட். மெல்லிசைக் குழுக்களில் கிக் சத்தம் பேடிலிருந்து வரும், அது உட்காரும் இடமும் 60 ஹெர்ட்ஸ் பக்கம்தான். நீங்களும் அங்கேயே ஏற்றினால் இரண்டும் சேர்ந்து களி. அடியில் ஏற்றாமல் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும், கூட்டத்தில் ஒவ்வொரு சுரமும் தெரியும். ராஜா சார் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போகும், அது கேட்காவிட்டால் ஹாலில் யாராவது ஒருவர் நிச்சயம் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஹாலுக்குள் அது சுவரோரம் குவிந்து, நடுவில் சில இடங்களில் மெலியும். மிக்ஸர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து சவுண்ட் அண்ணனுக்குக் கேட்பதும் ஜனங்களுக்குக் கேட்பதும் வேறு. சவுண்ட் செக்கில் நண்பர் ஒருவரை ஹால் முழுக்க நடந்து வரச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சுரம் மட்டும் ‘கும்’ என்று நீள்கிறது

உங்களுக்குக் கீழே இருப்பது மேடை அல்ல, ஒரு பெரிய மத்தளம். இரும்புச் சட்டத்தின்மேல் ப்ளைவுட், உள்ளே வெற்றிடம். ஆம்ப் அதை அதிரவைக்கும், அந்த அதிர்வு கால் வழியாகக் கிதாருக்கு ஏறி மறுபடி ஆம்புக்கே போகும். ஜமக்காளத்தை இன்னொரு மடிப்பு விரித்தால் சரியாகும் என்பார்கள். கீழ் ஸ்தாயிக்கு ஜமக்காளம் ஒரு பொருட்டே இல்லை. ஆம்பைத் தரையிலிருந்து பிரிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அறையில் சும்மா கிடக்கும் கனத்த மெத்தை ஒன்றை மடித்து ஆம்புக்குக் கீழே போட்டு ஒரு கச்சேரியையே காப்பாற்றியிருக்கிறேன். ப்ரீஆம்பில் ஹைபாஸ் இருந்தால் 40, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். வாசிக்காத கம்பிகளை விரலால் அமுக்கிப் பிடியுங்கள்.

பெடலை மிதித்தால் பேஸ் மெலிகிறது

டிஸ்டார்ஷனும் ஃபஸ்ஸும் அடிச்சத்தத்தைத் தின்னும், சாதா ஆறு கம்பிக் கிதாருக்காகச் செய்தவை இன்னும் மோசம். மாற்றாத சத்தத்தையும் சேர்த்துக் கலக்கும் குமிழ் உள்ள பெடலே பேஸுக்கு உதவும், பாஸ் (Boss) நிறுவனத்தின் ஓடிபி-3 போல. கலவையைப் பாதியில் வைத்துத் தொடங்குங்கள். ஒரு ஸ்தாயி கீழே சேர்த்துக் கொடுக்கும் ஆக்டேவ் பெடல் கீழ் சுரங்களில் தடுமாறினால் அதைக் குறை சொல்லாதீர்கள், ஈ கம்பியின் ஆரம்ப ஃப்ரெட்டுகளில் அவற்றில் பலவும் திணறும். அதை வரிசையில் முன்னால், டிஸ்டார்ஷனுக்கு முன்பே வையுங்கள், கொஞ்சம் மேலே ஏறி வாசியுங்கள்.

நடுப்பாட்டில் எல்லாம் அணைந்து திரும்ப வருகிறது

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறியிருக்கிறது. விளக்குகள் இரண்டு விநாடியில் வந்துவிடும், அனலாக் பெடலும் அப்படியே. மல்டி எஃபெக்ட்ஸ் மட்டும் தூங்கி எழுந்து, லோகோ காட்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும், சிலது முதல் பேட்ச்சில், அதாவது பதிந்து வைத்த முதல் சத்தத்தில், போய் உட்காரும். அதனால் முதல் பேட்ச்சில் அலங்காரம் இல்லாத சாதா பேஸ் சத்தத்தைப் பதிந்து வையுங்கள். ஜூம் பி1 ஃபோர் மாதிரிப் பெட்டிகள் நான்கு டபுள்-ஏ செல்லிலும் ஓடும், அதைப் போட்டுவிட்டால் ஜெனரேட்டர் என்ன ஆட்டம் ஆடினாலும் கவலையில்லை.

ஈபி கரண்ட் திரும்ப வந்ததும் இன்னொரு தரம் மாற்றுவார்கள், அப்போதும் இதே கதை நடக்கும். மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சவுண்ட் செக் முடிந்ததும் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, “அண்ணே, கரண்ட் வந்தா பாட்டு முடிஞ்சதும் மாத்துங்க” என்று சொல்லிவிட்டு வருவேன். இதுவரை ஒருவரும் மாட்டேன் என்றதில்லை.